தொங்கவிட்ட ஃபிலோடென்ட்ரானில் அடி இலைகள் பழுத்து, கொடி மொட்டையாக நீள்வது ஏன்? (புதுச்சேரி வீட்டுக்கான விரிவான பதில்)

நீங்கள் எழுதியதைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். லாஸ்பேட்டையில் முதல் மாடி வீடு. மேற்குப் பார்த்த சன்னல் ஓரம், சீலிங் கொக்கியில் 6 அங்குல பிளாஸ்டிக் தொங்குதொட்டி. அதில் நர்சரியில் ‘மணி பிளாண்ட்’ என்று சொல்லிக் கொடுத்த, இதய வடிவ இலைகள் கொண்ட கொடி. தினமும் காலையில் ஒரு டம்ளர் தண்ணீர் தவறாமல் ஊற்றுகிறீர்கள். அப்படியும் தொட்டியை ஒட்டிய இலைகள் ஒவ்வொன்றாகப் பழுத்து விழுகின்றன, கொடி மொட்டையாக நீள்கிறது, புது இலைகள் சிறுத்துக்கொண்டே வருகின்றன. என்ன உரம் போடலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். வீட்டில் பூனை இருப்பதால் ஆபத்து உண்டா என்று கடைசியில் ஒரு வரி. உரம் என்று கேட்டிருந்தாலும், செடிக்கு எது குறைகிறது என்பதுதான் உங்கள் கேள்வி. குறைவது இரண்டு: வேருக்குக் காற்று, இலைக்கு வெளிச்சம். உரம் இப்போதைக்கு வேண்டவே வேண்டாம். ஏன் இப்படிச் சொல்கிறேன், எதை உறுதியாகச் சொல்கிறேன், எதை நீங்கள்தான் பார்த்து முடிவு செய்ய வேண்டும் என்பதை வரிசையாக எழுதுகிறேன்.

முதலில் செடி எது என்பது. நீங்கள் போட்ட படத்தில் புதுக் குருத்து தெளிவாகத் தெரிகிறது, அது போதும். ஃபிலோடென்ட்ரானில் ஒவ்வொரு புது இலையும் மெல்லிய, வெளிர்பச்சையோ இளஞ்சிவப்போ ஆன ஓர் உறைக்குள் சுருண்டு கிளம்பும். இலை விரிந்ததும் அந்த உறை காய்ந்து, பழுப்பு நிறத் தாள் மாதிரி கணுவிலேயே கொஞ்ச நாள் ஒட்டிக்கொண்டிருந்து உதிரும். மணி பிளாண்டில் இப்படித் தனி உறை கிடையாது. புது இலை முந்தைய இலையின் காம்பை ஒட்டியே பிரிந்து வரும். இன்னும் சந்தேகம் இருந்தால் காம்பை விரலால் தடவிப் பாருங்கள். மணி பிளாண்ட் காம்பில் மேல்பக்கம் வாய்க்கால் மாதிரி ஒரு பள்ளம் தட்டுப்படும். ஃபிலோடென்ட்ரான் காம்பு உருண்டையாக, வழவழப்பாக இருக்கும். கணுவில் மணி பிளாண்டுக்குத் தடித்த ஒற்றை வேர்முளை, இதற்கு மெல்லிய வேர்கள் இரண்டு மூன்றாக. ஆகவே உங்களிடம் இருப்பது ஃபிலோடென்ட்ரான் ஹெடரேசியம், ‘ஹார்ட்லீஃப்’ என்று விற்கப்படும் வகை. நர்சரிக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று நினைக்க வேண்டாம். நம் பக்கம் கொடியாகத் தொங்கும் எல்லாவற்றுக்குமே அந்தப் பெயர்தான். வளர்ப்பில் இரண்டும் நெருங்கியவை. ஒரு வித்தியாசம் மட்டும் முக்கியம்: மணி பிளாண்ட் நனைந்த மண்ணைக் கொஞ்ச காலம் பொறுத்துக்கொள்ளும், இது அந்த அளவு பொறுக்காது.

இதன் சொந்த ஊர் மத்திய அமெரிக்காவும் கரீபியத் தீவுகளும் தென் அமெரிக்க வெப்பமண்டலக் காடுகளும். சேம்புக் குடும்பம். காட்டில் இது பெரிய மரங்களின் பட்டையில் வேர் ஊன்றி மேலே ஏறுகிறது. அதாவது இந்த வேர்கள் இலைமக்கும் பட்டைத்தூளும் காற்றும் கலந்த இடத்தில் வாழப் பழகியவை. மழை நனைத்துவிட்டுப் போகும், சில மணி நேரத்தில் வடிந்துவிடும். அதே சமயம் காற்றில் எப்போதும் ஈரம் இருக்கும், குளிர் கிடையாது. இதில் பாதி நம் ஊரில் இலவசமாகவே கிடைக்கிறது. கடலோரக் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. சனவரி இரவிலும் வெப்பம் 20 டிகிரிக்கு வெகு கீழே அபூர்வமாகத்தான் இறங்கும். ஆகவே குளிர்நாட்டுக்காரர்கள் சொல்லும் இலைமேல் நீர் தெளிப்பது, கூழாங்கல் தட்டில் தண்ணீர் வைப்பது, குளிர்காலத்தில் செடிக்கு ஓய்வு கொடுப்பது இவை எதுவும் புதுச்சேரிக்கோ கடலூருக்கோ தேவையில்லை. தெளிப்பு இங்கே கெடுதலும்கூட. அதைப் பின்னால் சொல்கிறேன். நம் ஊரில் இந்தச் செடி சாவது பெரும்பாலும் மண்ணாலும் தண்ணீராலும்தான்.

இலை பழுப்பதற்கு வருவோம். பழைய இலை ஒன்று இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை பழுத்து விழுவது இயல்பு. ஒரே மாதத்தில் ஏழெட்டு இலை, அதுவும் முழு இலையும் சீராக மஞ்சளாகி, தொட்டால் மெத்தென்று, காம்போடு கழன்று வந்தால் வேர் மூச்சுத் திணறுகிறது என்று பொருள். தண்ணீர் போதாமல் போனால் காட்சி வேறு: இலைகள் முதலில் துவண்டு, ஓரம் உள்பக்கம் சுருண்டு, பிறகு மொறுமொறுவென்று காயும், துவண்ட நிலையிலேயே தண்ணீர் ஊற்றினால் அன்றே நிமிர்ந்துவிடும். நீங்கள் சொல்வதும் படமும் முதல் வகையோடுதான் பொருந்துகின்றன. இதில் எனக்குச் சந்தேகம் மிகக் குறைவு. ஆனால் வேர் எவ்வளவு கெட்டிருக்கிறது என்பதைப் படத்தை வைத்துச் சொல்ல முடியாது. அதை நீங்கள்தான் பார்க்க வேண்டும். ஒரு டம்ளர் என்பது சுமார் 200 மில்லி. 6 அங்குலத் தொட்டியில், வெளிச்சம் குறைந்த இடத்தில் உள்ள செடி ஒரு நாளில் அதைக் குடித்து முடிக்காது. மிச்சம் மண்ணிலேயே தங்குகிறது, அடுத்த நாள் இன்னொரு டம்ளர் சேர்கிறது. போதாக்குறைக்கு, இந்தத் தொங்குதொட்டிகளில் அடியோடு சேர்த்து மாட்டிய ஒரு தட்டு இருக்கும். வடிந்த நீர் அதில் நிற்பது கீழிருந்து பார்த்தால் தெரியாது. ஏணி போட்டு ஏறி அந்தத் தட்டைக் கழற்றிப் பாருங்கள். பாதிக் காரணம் அங்கேயே கிடைக்கக்கூடும்.

தண்ணீரை இன்றோடு நிறுத்திவிட்டு, செடியைத் தொட்டியோடு சாய்த்து, பிளாஸ்டிக்கை நாலு பக்கமும் அமுக்கி, மண்கட்டியை அப்படியே வெளியே எடுங்கள். கொடியைப் பிடித்து இழுக்க வேண்டாம். முதலில் முகர்ந்து பாருங்கள். மழை மண்ணின் வாசம் வந்தால் நல்லது, சாக்கடை நெடி அடித்தால் உள்ளே அழுகல் இருக்கிறது. நல்ல வேர் வெள்ளையாகவோ வெளிர்மஞ்சளாகவோ, அழுத்தினால் விறைப்பாக இருக்கும். கெட்ட வேர் பழுப்பு. இரண்டு விரலால் பிடித்து மெல்ல இழுத்தால் மேல்தோல் வழுக்கிக்கொண்டு கையோடு வந்துவிடும், உள்ளே நூல் மாதிரி நரம்பு மட்டும் மிஞ்சும். இப்படி உரிந்து வருகிற வேரையெல்லாம் ஸ்பிரிட்டில் துடைத்த கத்தரியால் நல்ல பகுதி வரை வெட்டிவிடுங்கள். பழைய மண்ணை உதறி, வேரை ஓடும் தண்ணீரில் கழுவி, நிழலில் ஒரு மணி நேரம் ஆறவிடுங்கள். பாதிக்கு மேல் நல்ல வேர் இருந்தால் செடி பிழைத்துக்கொள்ளும், கவலை வேண்டாம். கைப்பிடி வேர்கூட இல்லை என்றால் அதைக் காப்பாற்றப் போராடுவதைவிட கொடியை வெட்டிப் புதிதாக வேர்விட வைப்பதே சுலபம். பூஞ்சைக்கொல்லி ஊற்றச் சொல்லிப் பலர் எழுதுவார்கள். கடைகளில் எளிதாகக் கிடைக்கும் கார்பென்டாசிம், வேரழுகலை அதிகம் உண்டாக்கும் பித்தியம் என்ற பூஞ்சை போன்ற கிருமி வகை மேல் வேலை செய்யாது. வீட்டுக்குள் மருந்தடிப்பதைவிட வெட்டி, கழுவி, காற்றோட்டமான கலவையில் வைப்பதுதான் பலன் தரும்.

அந்தக் கலவை எப்படி என்பதுதான் இந்தப் பதிலில் மிக முக்கியமான பகுதி. நம் பக்கம் நர்சரிச் செடிகள் பெரும்பாலும் செம்மண்ணில்தான் வருகின்றன. தோட்டத்துக்கு அது அருமையான மண். சிறிய தொட்டியில் தினமும் தண்ணீர் பட்டால் இறுகிக் கட்டியாகிவிடும். மேலே காய்ந்து வெடித்திருக்கும், உள்ளே களியாக இருக்கும். அதில் காற்று போக வழியில்லை. 6 அங்குலத் தொட்டி ஏறத்தாழ 2 லிட்டர் கொள்ளும். உங்கள் 200 மில்லி டம்ளரால் அளந்தால் பத்து டம்ளர். அதில் 4 டம்ளர் கோகோபீட் (தேங்காய் மட்டைத் தூள்), 3 டம்ளர் பெர்லைட் (எரிமலைப் பாறையைப் பொரித்த வெள்ளைத் துகள்) அல்லது கடலைப்பருப்பு அளவுக்கு உடைத்துச் சலித்த செங்கல் துண்டு, 2 டம்ளர் மண்புழு உரம், 1 டம்ளர் உடைத்த அடுப்புக்கரி. செங்கல்லில் தூள் இருக்கக் கூடாது. சலித்து, கழுவித்தான் போட வேண்டும், இல்லாவிட்டால் அந்தத் தூளே துளைகளை அடைத்துவிடும். ஆற்று மணல் போடலாமா என்றால், பரும்படியாக இருந்தால் ஒரு டம்ளர் போடலாம். நைசான மணல் உதவாது. கடற்கரை மணலை எந்தக் காரணத்துக்கும் தொடாதீர்கள், உப்பைக் கழுவி எடுத்தாலும் கிளிஞ்சல் சுண்ணாம்பு போகாது.

கோகோபீட்டிலும் உப்பு உண்டு என்பது பலருக்குத் தெரிவதில்லை. தேங்காய் மட்டையை உவர்நீரில் ஊறவைத்துத் தூளாக்கியிருந்தால் சோடியம் உப்பு அதில் ஏறியிருக்கும். 650 கிராம் கட்டியை நனைத்தால் சுமார் 8 லிட்டர் வரும். அதைப் பழைய பருத்தித் துணியில் கட்டி, வாளித் தண்ணீரில் அரை மணி ஊறவைத்துப் பிழியுங்கள். இப்படி மூன்று தடவை. முதல் தண்ணீர் டிகாஷன் நிறத்தில் வரும், மூன்றாவது வெளுத்துவிடும். பாக்கெட்டில் கழுவியது என்று போட்டிருந்தாலும் ஒரு தடவை அலசிவிடுவது நல்லது.

தொட்டியைப் பெரிதாக்க வேண்டாம். வேரை வெட்டிய பிறகு அதே 6 அங்குலமோ, வேர் குறைவாக மிஞ்சியிருந்தால் 4 அங்குலமோதான் சரி. பெரிய தொட்டியில் வேர் எட்டாத மண் நாள்கணக்கில் ஈரமாகவே கிடந்து மறுபடியும் அழுகலைக் கொண்டுவரும். பிளாஸ்டிக்கா மண்தொட்டியா என்றால், தண்ணீர் ஊற்றாமல் இருக்க முடியாத கைகளுக்கு மண்தொட்டிதான் பாதுகாப்பு. சுவர் வழியாகவும் ஈரம் வெளியேறும். வில்லியனூர் சுடுமண் வேலைக்குப் புவிசார் குறியீடே உண்டு, அங்கே நல்ல தொட்டிகள் கிடைக்கும். அடியில் துளை இருக்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள். ஆனால் ஈரமான மண்தொட்டி கனம்; சீலிங் கொக்கியின் பலத்தை முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள். அடியில் ஓட்டாஞ்சில்லு பரப்பினால் நீர் நன்றாக வடியும் என்பது பழைய நம்பிக்கை. உண்மையில் அந்த அடுக்கு, ஈரம் தேங்கும் மட்டத்தை மேலே தள்ளுகிறது. துளையை அடைக்காதபடி ஒரே ஒரு சில்லோ ஒரு துண்டு கொசுவலையோ போதும்.

நட்டு இரண்டு நாள் கழித்து முதல் தண்ணீர். அதற்குப் பிறகு ‘எத்தனை நாளுக்கு ஒரு தடவை’ என்ற கேள்வியையே விட்டுவிடுங்கள். ஒரு மூங்கில் குச்சியோ, குழம்பு கிளறாத பழைய மரக்கரண்டிக் காம்போ எடுத்து, தொட்டி ஓரமாகப் பாதி ஆழம் வரை குத்தி ஐந்து நிமிடம் வைத்து எடுங்கள். குச்சி நிறம் மாறி, தூள் ஒட்டி வந்தால் தண்ணீர் வேண்டாம். காய்ந்து வந்தால் ஊற்றலாம். ஊற்றும்போது தயங்காமல், அடியில் வழியும் வரை, ஏறத்தாழ 300 முதல் 400 மில்லி. கால் மணி நேரம் கழித்துத் தட்டில் நின்றதைக் கொட்டிவிடுங்கள். தினமும் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுவது இதற்கு நேர் எதிரானது: மேலே ஈரம், உப்பு வெளியேற வழியில்லை. ஒரு உத்தேசத்துக்குச் சொல்வதானால், சித்திரை வைகாசியில் மண்தொட்டி 3, 4 நாளில் காயும். ஐப்பசி கார்த்திகை அடைமழையில் பத்து நாள் ஆனாலும் காயாது. அக்னி நட்சத்திரத்தில் காலை எட்டு மணிக்குள் ஊற்றிவிடுங்கள். மதியம் மாடித் தொட்டியிலிருந்து வருகிற தண்ணீர் வேரை வேகவைக்கும் சூட்டில் இருக்கும்.

தண்ணீரின் தரமும் முக்கியம். கடலோரப் பகுதிகளில் நிலத்தடி நீரில் உப்பு ஏறியிருப்பது நமக்கெல்லாம் தெரிந்ததுதான். தெருவுக்குத் தெரு மாறும். தொட்டி விளிம்பிலும் மண் மேலும் வெள்ளையாகப் பொரிந்திருந்தால், இலை நுனியும் ஓரமும் மட்டும் பழுப்பாகக் காய்ந்தால், அது உப்பு. தண்ணீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் ஒரு சின்ன டி.டி.எஸ். மீட்டர் வாங்கி அளந்து பாருங்கள். 500-க்குக் கீழே இருந்தால் கவலையில்லை. 1000-ஐத் தாண்டினால் இந்தச் செடிக்கு அது நல்ல தண்ணீர் இல்லை. மழைநீர் மிகச் சிறந்தது. ஏ.சி. வடிநீரும், ஆர்.ஓ. குடிநீரும் நல்லவை. ஆனால் ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் கழிவுநீரை ‘வீணாகிறதே’ என்று செடிக்கு ஊற்றுபவர்கள் ஏராளம். தண்ணீரிலிருந்து பிரித்தெடுத்த உப்பெல்லாம் அதில்தான் திரண்டிருக்கிறது. அது கழிவறை கழுவவும் தரை துடைக்கவும் மட்டும்தான். போர் தண்ணீரைத் தவிர வேறு வழி இல்லை என்றால், இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை தொட்டியைக் குளியலறையில் வைத்து 4, 5 லிட்டர் நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றி உப்பைக் கீழே அலசிவிடுங்கள்.

இனி வெளிச்சம். சன்னல் ஓரம்தானே இருக்கிறது, வெளிச்சம் எப்படிக் குறையும் என்று கேட்பீர்கள். கொக்கி இருப்பது சீலிங்கில். சன்னலின் மேல்விளிம்பு பொதுவாக 7 அடி உயரத்தில் முடிகிறது. தொட்டி அதற்கு மேலே தொங்கினால் அதன் தலைக்கு வானம் தெரியாது. வெளியே சன்ஷேடு, சன்னலில் கொசுவலை, அதில் படிந்த தூசி. தொட்டி அருகே மொட்டையாகவும், கீழே தொங்கும் நுனியில் மட்டும் இலையோடும் கொடி இருப்பதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். சங்கிலியையோ கயிற்றையோ நீட்டி, தொட்டியின் விளிம்பு சன்னல் கம்பிகளின் நடு உயரத்துக்கு வரும்படி இறக்குங்கள். சரியான இடமா என்று பார்க்க, காலை பத்து மணிக்கு இலைமட்டத்தில் ஒரு வெள்ளைத்தாளை வைத்து, அதற்கு ஒரு அடி மேலே கையை நீட்டுங்கள். நிழல் விழுகிறது, ஆனால் ஓரம் மங்கலாக இருக்கிறது என்றால் சரி. நிழலே தெரியவில்லை என்றால் செடி உயிரோடு இருக்கும், வளராது. விளிம்பு கூர்மையாகத் தெரிந்தால் நேர் வெயில்.

மேற்குச் சன்னல் என்பதால் ஓர் எச்சரிக்கை. இறக்கிய பிறகு, மார்ச் முதல் செப்டம்பர் வரை பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் உள்ளே விழும் வெயில் இலையைப் பொசுக்கும். வெளிறி, பிறகு தாள் போலக் காய்ந்த திட்டுகள் விழும், அவை ஆறாது. வெள்ளைத் திரைச்சீலை ஒன்று போதும். கிழக்குச் சன்னல் இருந்தால் அதற்கே மாற்றிவிடலாம், காலை வெயில் ஒன்றரை மணி நேரம் பட்டாலும் ஒன்றும் ஆகாது. வடக்குச் சன்னலில் வெயிலே வராது என்று வெளியூர்ப் புத்தகங்கள் சொல்வதை நம்ப வேண்டாம். நாம் 12 டிகிரி வடக்கில் இருக்கிறோம். ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை நடுப்பகல் சூரியன் நமக்கு வடக்கே போகிறது. தெற்குச் சன்னலுக்கு மார்கழி தை மாதங்களில் வெயில் உள்ளே நீளும். ஏ.சி. காற்று நேரே அடிக்கும் இடமும் கூடாது.

புது இலை சிறுத்துப்போவது பற்றி உறுதியாக ஒரே காரணம் சொல்ல முடியாது. வெளிச்சக் குறைவு, வேர்ச் சேதம், கொடி தொங்குவது இந்த மூன்றுமே இலையைச் சிறிதாக்கும். மூன்றாவது நோயல்ல, செடியின் சுபாவம்: மேலே ஏறினால் இலை பெருக்கும், கீழே தொங்கினால் சிறுக்கும். முதல் இரண்டையும் சரிசெய்து, இரண்டு மாதம் கழித்தும் இலை சிறிதாகவே வந்தால் அது தொங்குவதால்தான் என்று எடுத்துக்கொள்ளலாம். பெரிய இலைதான் வேண்டும் என்றால் ஏற்றிவிடுங்கள். ஒரு சவுக்குக் கம்பில் தென்னைநார்க் கயிற்றை நெருக்கமாகச் சுற்றி, தொட்டி நடுவில் ஊன்றி, கணுக்கள் கயிற்றில் படும்படி நூலால் தளர்வாகக் கட்டினால் போதும். கயிற்றை அவ்வப்போது நனைத்தால் காற்றுவேர் பிடித்துக்கொள்ளும். சவுக்குக்கு நம் கடற்கரையில் பஞ்சமா?

மொட்டையான தண்டில் உதிர்ந்த இடத்திலேயே மறுபடி இலை வராது. ஆனால் ஒவ்வொரு கணுவிலும் உறங்கும் மொட்டு ஒன்று உண்டு. நுனியை வெட்டினால், வெட்டுக்குக் கீழுள்ள ஒன்றிரண்டு மொட்டுகள் விழித்துப் புதுக் கொடியாகக் கிளம்பும். ஆகவே தயங்காமல் வெட்டுங்கள். தொட்டியிலிருந்து நாலைந்து கணு விட்டு, கணுவுக்கு அரை அங்குலம் மேலே வெட்டு. வெட்டிய நீளத்தை, துண்டுக்கு இரண்டு கணுவும் ஓர் இலையாவதும் இருக்கும்படி நறுக்கி, அடிக்கணு மட்டும் தண்ணீரில் முழுகும்படி கண்ணாடிப் பாட்டிலில் வையுங்கள். இலை நனையக் கூடாது. நம் ஊர்ச் சூட்டில் இரண்டு மூன்று வாரத்தில் வேர் வரும். ஒன்றரை, இரண்டு அங்குலம் வளர்ந்ததும் நட்டுவிடுங்கள். மாதக்கணக்கில் தண்ணீரிலேயே விட்டால் அந்த வேர் மண்ணுக்குப் பழகத் திணறும். தண்ணீரை மூன்று நாளுக்கு ஒரு தடவை மாற்றியே ஆக வேண்டும். வேருக்கு ஆக்சிஜன் வேண்டும் என்பது ஒரு காரணம். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு அந்தப் பாட்டிலில் ஒரு வாரத்தில் முட்டையிலிருந்து கொசுவாகிவிடும் என்பது அதைவிடப் பெரிய காரணம். வேர்விட்ட துண்டுகளை ஐந்தாறாகச் சேர்த்துத் தாய்ச்செடியின் தொட்டியிலேயே சுற்றி நட்டால் தலைப்பகுதி அடர்ந்துவிடும். கடைகளில் நாம் பார்க்கும் அடர்த்தியான தொட்டிகள் ஒற்றைச் செடி கிடையாது, இப்படிப் பல துண்டுகளை நட்டவைதான். இன்னொரு வழி, நீண்ட மொட்டைக் கொடியை வெட்டாமல் மண்மேலேயே சுருட்டி வைத்து, வளைத்த ஹேர்பின்னால் கணுக்களை அழுத்திவிடுவது. அங்கங்கே வேர்விட்டு முளைக்கும்.

உரம். வேர் கெட்டிருக்கும்போது உரம் போட்டால் மிஞ்சியதும் கருகும். புதுக் கலவையில் உள்ள மண்புழு உரமே இரண்டு மாதத்துக்குப் போதும். புது இலை இரண்டு விரிந்த பிறகு, நீரில் கரையும் 19:19:19 உரத்தை (தழை, மணி, சாம்பல் சத்துகள் சம அளவில் உள்ளது) லிட்டருக்கு அரை கிராம், மாதம் ஒரு தடவை, ஈரமான மண்ணில். அரை கிராம் என்பது கால் டீஸ்பூனுக்கும் குறைவு. எடைபோட முடியாதவர்கள் 10 லிட்டர் வாளிக்கு ஒரு டீஸ்பூன் என்று கரைத்து மற்றச் செடிகளுக்கும் ஊற்றிவிடலாம். இலை மஞ்சள் என்றதும் எப்சம் உப்பு, அதாவது மக்னீசியம் சல்ஃபேட், போடச் சொல்வார்கள். மக்னீசியம் குறைந்தால் பழைய இலையில் நரம்பு பச்சையாக இருக்க, இடைப்பகுதி மட்டும் வெளுக்கும். உங்கள் இலை முழுதும் ஒரே மஞ்சள். அதற்கு எப்சம் உப்பால் பயனில்லை. டீத்தூள், வாழைப்பழத்தோல் ஊறல், அரிசி கழுவிய தண்ணீர் இவை தோட்டத்து மண்ணுக்குப் பரவாயில்லை. வீட்டுக்குள் சிறிய தொட்டியில் புளித்து, ஈரத்தில் முட்டையிடும் சின்னக் கறுப்பு ஈக்களைத்தான் கூட்டிவரும்.

பூச்சிகளில் அதிகம் வருவது மாவுப்பூச்சி. இலைக்காம்பும் தண்டும் சேரும் இடுக்கில் பஞ்சு ஒட்டியது போல இருக்கும். சர்ஜிகல் ஸ்பிரிட்டில் தோய்த்த பஞ்சுக்குச்சியால் ஒவ்வொன்றாகத் துடைத்தெடுங்கள். பிறகு லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் 2 மில்லி திரவ சோப்பும் நன்கு கலந்து, சாயங்காலத்தில், வாரம் ஒரு தடவையாக மூன்று நாலு வாரம். ஒரே தடவையோடு நிறுத்தினால் முட்டையிலிருந்து வந்தவை மறுபடி பரவும். கோடையில் ஏ.சி. அறையில் இலை மங்கி, அடியில் நுண்ணிய வலை தெரிந்தால் சிலந்திப்பேன். இலையின் இரு பக்கமும் ஈரத் துணியால் துடைப்பதே பாதி வைத்தியம். காலையில் இலைநுனியில் சொட்டு நீர் நிற்பது நோயல்ல, ஈரம் மிகுந்த இரவில் செடி நீரை வெளியேற்றுவது அது.

மழைக்காலத்தில் இலையில் எண்ணெய் பட்டது போன்ற ஈரத் திட்டு விழுந்து, சுற்றி மஞ்சள் வளையம் கட்டிப் பரவினால் அது பாக்டீரியாப் புள்ளி. தண்டு கூழாகி நாறினால் மென்னழுகல். இரண்டும் இலைமேல் நிற்கும் தண்ணீர் வழியே பரவுகின்றன. தெளிப்பு வேண்டாம் என்று மேலே சொன்னதற்குக் காரணம் இதுதான். பட்ட இலையை வெட்டி வீட்டுக்கு வெளியே போட்டு, ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தரியை ஸ்பிரிட்டில் துடைத்து, மின்விசிறிக் காற்று மெல்லப் படும் இடத்தில் வையுங்கள். புயல் எச்சரிக்கை வந்தால் சன்னலோரத்திலிருந்து கொக்கியைக் கழற்றிச் செடியை உள்ளே இறக்கிவிட வேண்டும். 2011-இல் தானே, 2024-இல் ஃபெஞ்சல் என்று புயல்கள் நம் கரையிலேயே ஏறியிருக்கின்றன. அப்போது அடிக்கும் காற்று கடலின் உப்புத்துளியையும் சேர்த்துக் கொண்டுவருகிறது. அது பட்ட இலைகளை மறுநாளே நல்ல தண்ணீரில் அலசாவிட்டால் ஓரம் கருகும்.

கடைசியாகப் பூனை. இதில் சந்தேகத்துக்கே இடமில்லை: பூனைக்கும் நாய்க்கும் குழந்தைக்கும் இது ஆகாது. இலையிலும் தண்டிலும் ஊசி வடிவக் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் நிறைந்திருக்கின்றன. வேகாத கருணைக்கிழங்கு தொண்டையில் அரிப்பதும் இதே படிகங்களால்தான். கடித்தால் வாய் எரியும், எச்சில் ஒழுகும், உதடும் நாக்கும் வீங்கும், சில பூனைகள் வாந்தி எடுக்கும். உயிருக்கு ஆபத்தாவது அபூர்வம். ஆனால் தொண்டை வீங்கி மூச்சுக்குத் திணறினாலோ எதையும் விழுங்க முடியாமல் போனாலோ காத்திருக்கக் கூடாது. பூனையைக் கால்நடை மருத்துவரிடமும் குழந்தையை மருத்துவமனைக்கும் உடனே கொண்டுபோக வேண்டும். புதுச்சேரியில் குரும்பாபேட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. வெட்டும்போது கையுறை போடுங்கள், சாறு பட்ட கையால் கண்ணைத் தொடாதீர்கள், நறுக்கிய துண்டுகளைத் தரையில் விட்டுவைக்காதீர்கள். தொட்டியைக் கீழே இறக்கச் சொல்லியிருக்கிறேன் என்பதால் உங்கள் வீட்டுக்கு இது கூடுதல் கவனம் கேட்கிறது: கொடியின் நுனி, பூனை சன்னல் திண்டில் நின்று எக்கினாலும் எட்டாத உயரத்தில் முடியும்படி அவ்வப்போது கத்தரித்துவிடுங்கள். ஆடும் கொடியைப் பாய்ந்து பிடிக்கிற பூனை என்றால், அதற்குக் கதவு சாத்தியிருக்கும் அறையின் சன்னலே இந்தச் செடிக்குச் சரியான இடம்.